அட்மின் அசிஸ்டெண்ட் சங்கத்துல மூணு வருஷம்: சந்தா கட்டலாமா வேணாமா

போன மாசம் மூணாவது தடவையா சந்தாவைப் புதுப்பிச்சேன். புதுப்பிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு நாள் நல்லாவே யோசிச்சேன், ஏன்னா இந்த சங்கத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமும் இருக்கு, வீட்டுக்கு வந்து புலம்பற அளவுக்குக் கோவம் வரவைக்கிற விஷயமும் இருக்கு. இப்பதான் வேலைக்கு சேர்ந்த ஒரு தங்கச்சி "அக்கா, இந்த மாதிரி சங்கத்துல சேர்ந்தா நிஜமாவே ஏதாவது பிரயோஜனம் இருக்கா, இல்ல சும்மா குரூப் போட்டோ எடுக்கறதுக்கா"ன்னு நேராவே கேட்டா. அவகிட்ட வாயால சொன்னதையே கொஞ்சம் விரிவா இங்க எழுதறேன், இதே கேள்வியோட இருக்கறவங்க படிச்சுட்டு முடிவு பண்ணிக்கோங்க. சங்கத்தோட பேரை சொல்லலை, குறையும் சொல்லப்போறேன்ல, அதனால.

முதல்ல என்னென்ன தர்றாங்கன்னு சொல்லிடறேன். மாசம் ஒரு கூட்டம், ரெண்டு மாசத்துக்கு ஒரு பயிற்சி வகுப்பு, புதுசா வர்றவங்களுக்கு ஒரு சீனியரை துணைக்குப் போடற மென்ட்டர் ஏற்பாடு, சர்டிஃபிகேட் தேர்வுக்குப் படிக்கறவங்களுக்கு ஒரு படிப்புக் குழு, அப்புறம் அவசர சந்தேகம் கேக்க ஒரு வாட்ஸப் குரூப். அட்மின் அசிஸ்டெண்ட், எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டெண்ட், ஆபீஸ் கோஆர்டினேட்டர், ரிசப்ஷன்ல இருக்கறவங்க எல்லாரும் சேரலாம். சந்தா கட்டணம் கட்டுப்படியாகற அளவுதான், சில ஆபீஸ்ல பயிற்சி செலவுன்னு கணக்கு காட்டி அவங்களே கட்டிடறாங்க, என் ஆபீஸ்ல முதல் வருஷம் தரலை, ரெண்டாவது வருஷத்துல இருந்து தர்றாங்க.

நான் ஏன் போனேன்னா, என் ஆபீஸ்ல இந்த வேலைக்கு நான் ஒரே ஆள். அக்கவுண்ட்ஸ்ல ஒருத்தருக்கு சந்தேகம் வந்தா பக்கத்து சீட்ல கேட்டுப்பாங்க, சேல்ஸ்ல இருக்கறவங்க ஒரு படையாவே இருக்காங்க, எனக்கு சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறது? பாஸ்கிட்ட கேட்டா இதுகூட தெரியாதான்னு நினைப்பாரோன்னு ஒரு தயக்கம், பாதி நேரம் சந்தேகமே பாஸை எப்படி சமாளிக்கறதுங்கறதாத்தான் இருக்கும், அதை எங்க போய் கேக்க. வேற டிபார்ட்மெண்ட் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் மனசு விட்டுப் பேச முடியாது, நம்ம கையில இருக்கற ஃபைல்ல அவங்க சம்பள விவரமே இருக்கலாம், அவங்க டீமை மாத்தப்போற திட்டம் இருக்கலாம். எட்டு வருஷம் இப்படி வாயை மூடிக்கிட்டே வேலை பார்த்தேன், அது எவ்வளவு பாரமா இருந்துச்சுன்னு முதல் கூட்டத்துக்குப் போனப்பதான் புரிஞ்சுது.

அந்த முதல் கூட்டத்துக்கு முன்னாடிதான் ஆபீஸ்ல ஒரு பெரிய திட்டு வாங்கியிருந்தேன். பாஸ் நடத்தற ஒரு வாராந்திர கால், நியூயார்க்ல இருந்து சில பேர், லண்டன்ல இருந்து சில பேர். நியூயார்க் காலை 10 மணி, லண்டன் மதியம் 3 மணி, அப்படியே மாசக்கணக்கா ஓடிட்டு இருந்துச்சு. லண்டன்காரங்களுக்கு நான் மெயில்லயே "ஒவ்வொரு செவ்வாயும் உங்க நேரம் 3 மணி"ன்னு எழுதி அனுப்பியிருந்தேன், காலண்டர் இன்வைட்டை அவங்களுக்குத் தனியா அனுப்பலை. மார்ச் மாசம் ஒரு செவ்வாய் நியூயார்க்காரங்க வந்து உக்காந்தாங்க, லண்டன்காரங்க ஒருத்தர்கூட வரலை, கால் முடிஞ்சு எல்லாரும் போனதுக்கப்புறம், ஆரம்பிச்ச நேரத்துல இருந்து சரியா ஒரு மணி நேரம் கழிச்சு, அவங்க வந்து காத்திருந்தாங்க. தப்பு எங்கன்னே எனக்கு அன்னைக்குத் தெரியலை. கூட்டத்துல பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அக்காகிட்ட சும்மா இதைச் சொன்னேன், அவங்க உடனே "மார்ச்ல நடந்துச்சா, ரெண்டாவது ஞாயித்துக்கிழமைக்கு அப்புறமா"ன்னு கேட்டாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அமெரிக்காவுல மார்ச் ரெண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளுவாங்க, ஐரோப்பாவுல மார்ச் கடைசி ஞாயிறுதான் தள்ளுவாங்க, அதுக்கு நடுவுல ரெண்டு மூணு வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் நேர வித்தியாசம் 5 மணி நேரத்துக்கு பதிலா 4 மணி நேரமாயிடும், அதே மாதிரி ஐரோப்பாவுல அக்டோபர் கடைசி ஞாயிறும் அமெரிக்காவுல நவம்பர் முதல் ஞாயிறும் பின்னாடி தள்ளுவாங்க, அங்க ஒரு வாரம் இதே குழப்பம். அவங்க போன்ல காலண்டரைத் திறந்து காமிச்சாங்க, வருஷத்துக்கு இந்த நாலு ஞாயிறையும் முன்கூட்டியே குறிச்சு வெச்சிருந்தாங்க, அதுக்கு ஒரு வாரம் முன்னாடி எல்லா வெளிநாட்டு மீட்டிங்கையும் ஒருதடவை சரிபார்க்கணும்னு ஒரு ரிமைண்டரும் இருந்துச்சு. "நேரத்தை மெயில்ல வார்த்தையா எழுதாதீங்க, இன்வைட்டை அனுப்புங்க, அவங்கவங்க காலண்டர் தானே மாத்திக்கும்"னாங்க. அஞ்சு நிமிஷப் பேச்சு. எனக்கு சந்தா பணம் அங்கயே வசூலாயிடுச்சு.

ஆனா அந்த அக்கா பக்கத்துல நான் உக்காந்தது தற்செயல்தான், அதையும் சொல்லணும். உள்ள நுழைஞ்சப்ப வாங்கன்னு ஒருத்தரும் கூப்பிடலை. பொறுப்புல இருக்கறவங்க ஒரு பக்கம் தங்களுக்குள்ள பேசிட்டு இருந்தாங்க, பழைய மெம்பர்ஸ் கூட்டம் கூட்டமா நின்னாங்க, நான் பேர் அட்டையைக் குத்திக்கிட்டு செவுத்து ஓரமா கால் மணி நேரம் நின்னேன். அன்னைக்கு என்கூட புதுசா வந்த இன்னொரு பொண்ணு பாதியிலயே கிளம்பிப் போயிட்டா, அதுக்கப்புறம் அவ வரவே இல்ல. தினமும் ஆபீஸ்ல வர்ற விருந்தாளியை எழுந்து நின்னு வரவேற்கறதுதான் எங்க வேலை, எங்க கூட்டத்துக்கே புதுசா ஒருத்தர் வந்தா கவனிக்க ஆள் இல்லைன்னா அது பெரிய குறை. இதை நான் எழுத்துல கொடுத்தேன், ரெண்டாவது வருஷம் கொஞ்சம் மாறுச்சு, வாசல்ல ஒருத்தர் நிக்கறாங்க இப்ப.

பயிற்சி வகுப்புக்கு வர்றேன். இதுல ரெண்டு ரகம் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

நல்ல ரகத்துக்கு உதாரணம் மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, எடுக்கற வகுப்பு. ரிட்டயர் ஆன ஒரு அம்மா எடுத்தாங்க, வாழ்நாள் பூரா போர்டு மீட்டிங்ல உக்காந்தவங்க. லெக்சரே இல்ல. எங்கள்ல ஆறு பேரை மேல கூப்பிட்டு ஒரு மீட்டிங் மாதிரி கால் மணி நேரம் பேச விட்டாங்க, சண்டை போடச் சொன்னாங்க, ஒருத்தர் பேச்சை ஒருத்தர் வெட்டச் சொன்னாங்க, மிச்சம் இருந்த நாங்க எல்லாரும் மினிட்ஸ் எழுதணும். நான் நாலு பக்கம் எழுதியிருந்தேன், கை வலிச்சுது, அவங்க எழுதினது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தைப் படிச்சா என்ன முடிவாச்சு, யார் செய்யணும், எந்தத் தேதிக்குள்ள, எது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போச்சு எல்லாமே இருக்கு, என் நாலு பக்கத்துல யார் என்ன பேசினாங்கன்னு இருக்கே தவிர என்ன முடிவாச்சுன்னு தேட வேண்டியிருக்கு. 1876லயே ஹென்றி ராபர்ட்ங்கற அமெரிக்க ராணுவ அதிகாரி கூட்டம் நடத்தற விதிகளைத் தொகுத்து புத்தகமா போட்டாராம், இன்னைக்கும் பல சங்கங்கள், அமைப்புகள் அந்த விதிகளை வெச்சுத்தான் கூட்டம் நடத்தறாங்க, அதுல மினிட்ஸ் பத்தி சொல்லியிருக்கறதே கூட்டத்துல என்ன செஞ்சாங்கங்கறதைத்தான் எழுதணும், யார் என்ன சொன்னாங்கங்கறதை எழுத வேண்டாம்னுதான்னு அந்த அம்மா சொன்னாங்க. எட்டு வருஷமா நான் அதுக்குத் தலைகீழா பண்ணிட்டு இருந்திருக்கேன்.

அவங்க சொன்ன இன்னொன்னு. மீட்டிங்ல ரெண்டு பேர் கத்திக்கிட்டா என்ன எழுதறதுன்னு ஒருத்தர் கேட்டார். "இந்தப் பொருள் விவாதிக்கப்பட்டது, முடிவு எட்டப்படவில்லை, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவுதான், அந்த ரெண்டு பேரும் நாளைக்கு சமாதானமாயிடுவாங்க, நீங்க எழுதினது பத்து வருஷம் ஃபைல்ல இருக்கும்"னாங்க. மறுநாளே நான் என் ஃபார்மெட்டை மாத்தினேன். மேல யார் வந்தாங்க யார் வரலை, கீழ மூணு கட்டம், முடிவு, பொறுப்பு, தேதி. மீட்டிங் முடிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள அனுப்பிடணும்னு எனக்கு நானே ஒரு கெடு வெச்சேன். அதுக்கு அடுத்த மாசம் மீட்டிங் ஆரம்பிச்ச உடனே பாஸ் என் மினிட்ஸை கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு வரியா "இது முடிஞ்சுதா, இது முடிஞ்சுதா"ன்னு கேட்டார். அதுவரைக்கும் நான் எழுதினதை யாராவது திறந்து பார்த்தாங்களான்னே எனக்குத் தெரியாது. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை சொல்ல வார்த்தை இல்ல.

இன்னொரு ரகம் மோட்டிவேஷன் ஸ்பீக்கர் வகுப்பு. நல்லா உடுத்திக்கிட்டு ஒருத்தர் வருவார், நீங்கதான் நிறுவனத்தோட முதுகெலும்பு, நீங்க இல்லைன்னா எதுவும் அசையாதுன்னு ரெண்டு மணி நேரம் பேசுவார், கைதட்டச் சொல்லுவார், பக்கத்துல இருக்கறவங்களைப் பார்த்து சிரிக்கச் சொல்லுவார், அவ்வளவுதான். அவர் வாழ்க்கையில ஒருநாள்கூட பத்து பேரோட காலண்டரை ஒண்ணா வெச்சு ஒரு பொதுவான நேரம் கண்டுபிடிச்சிருக்க மாட்டார். நாங்க முதுகெலும்புன்னு எங்களுக்கே தெரியும், முதுகு வலிக்காம எப்படி வேலை பார்க்கறதுன்னு சொல்லிக்கொடுக்க ஆள் வேணும். முதல் வருஷத்துல இந்த மாதிரி மூணு வகுப்பு வெச்சாங்க, மூணும் என் சனிக்கிழமையை சாப்பிட்டுச்சு. வகுப்பு முடிஞ்சதும் கருத்து எழுதற தாள் கொடுக்கணும்னு சில பேர் சேர்ந்து கேட்டோம், வந்த கருத்தைப் பார்த்ததுக்கப்புறம் அது ரொம்பவே குறைஞ்சிருக்கு, முழுசா நிக்கலை.

ஏப்ரல் மாசம் அட்மின் ப்ரொஃபஷனல்ஸ் டேன்னு ஒரு கொண்டாட்டம் வரும். ஏப்ரல்ல கடைசி முழு வாரத்தோட புதன்கிழமை. 1952ல அமெரிக்காவுல செக்ரட்டரிகளுக்கான வாரம்னு ஆரம்பிச்சு, 2000த்துல அட்மினிஸ்ட்ரேடிவ் ப்ரொஃபஷனல்ஸ்னு பேர் மாத்தினாங்க. இந்தப் பேர் மாற்றம் எனக்கு முக்கியமாப் படுது, ஏன்னா வேலை மாறினதை ஒத்துக்கிட்டு மாத்தின பேர் அது, டிக்டேஷன் எடுத்து டைப் அடிக்கறதுல ஆரம்பிச்சது இன்னைக்கு பட்ஜெட், ஈவெண்ட், பயணம், ஆவணம், டேட்டா எல்லாத்தையும் பார்க்கற வேலையாயிடுச்சு. கொண்டாடறதுல எனக்குப் பிரச்சனை இல்ல, ஆனா எங்க சங்கம் அந்த ஒரு நாளுக்கு மண்டபம், பூ, பரிசுன்னு செலவு பண்றதைப் பார்த்தா வயித்தெரிச்சலா இருக்கும், அந்தப் பணத்துல தேர்வுக் கட்டணம் கட்ட முடியாம நிக்கற சில பேருக்கு கட்டியிருக்கலாம்.

தேர்வுன்னு சொன்னேன்ல, அந்தப் படிப்புக் குழுவுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு முழு மார்க் போடுவேன். இந்த வேலைக்கு சர்வதேச அளவுல ஒரு தேர்வு இருக்குங்கறதே எனக்கு சங்கத்துக்கு வந்துதான் தெரியும். 1942ல அமெரிக்காவுல செக்ரட்டரிகள் சேர்ந்து ஒரு தேசிய சங்கம் ஆரம்பிச்சாங்க, 1951ல முதல் தடவையா சர்டிஃபைட் ப்ரொஃபஷனல் செக்ரட்டரின்னு ஒரு தேர்வு நடத்தினாங்க, அந்த சங்கம்தான் இன்னைக்கு ஐஏஏபி (இன்டர்நேஷனல் அசோசியேஷன் ஆஃப் அட்மினிஸ்ட்ரேடிவ் ப்ரொஃபஷனல்ஸ்), இப்ப அவங்க நடத்தற தேர்வுக்கு சிஏபின்னு (சர்டிஃபைட் அட்மினிஸ்ட்ரேடிவ் ப்ரொஃபஷனல்) பேர். தகவல் தொடர்பு, வணிகக் கடிதம் எழுதறது, தொழில்நுட்பம், ஆவணப் பராமரிப்பு, ஈவெண்ட், ப்ராஜெக்ட்னு பல பகுதி இருக்கு, பாஸ் பண்ணிட்டாலும் மூணு வருஷத்துக்கு ஒருதடவை தொடர்ந்து படிச்சதுக்கான கணக்கு காட்டி புதுப்பிக்கணும். எங்க குழுவுல ஏழு பேர், வாரம் ஒரு நாள் ராத்திரி வீடியோ கால்ல படிச்சோம், ஆளுக்கு ஒரு பகுதியைப் பிரிச்சுக்கிட்டு மத்தவங்களுக்கு பாடம் எடுக்கணும்னு விதி.

எனக்கு ஆவணப் பராமரிப்புதான் வந்துச்சு, எனக்கு கொஞ்சமும் வராத பாடம். அதைப் படிச்சப்பதான் ஒவ்வொரு வகை ஆவணத்தையும் எத்தனை வருஷம் வெச்சிருக்கணும், எப்ப அழிக்கணும், அழிச்சதை யார் கையெழுத்து போட்டு உறுதிப்படுத்தணும்னு ஒரு அட்டவணை வேணும்னு புரிஞ்சுது, எங்க ஆபீஸ்ல அப்படி ஒண்ணே இல்ல, எல்லாத்தையும் அப்படியே மூட்டை கட்டி வெச்சிருந்தோம். ஃபைல் பேர்ல தேதியை வருஷம், மாசம், நாள்னு இந்த வரிசையில போட்டா கம்ப்யூட்டர் தானாவே கால வரிசையில அடுக்கிடும்ங்கற சின்ன விஷயம்கூட அங்க கத்துக்கிட்டதுதான், நாள், மாசம், வருஷம்னு போட்டுக்கிட்டு எத்தனை வருஷம் தேடி அலைஞ்சிருக்கேன். ஏழு பேர்ல அஞ்சு பேர் முதல் தடவையே பாஸ், நானும் அதுல ஒருத்தி. மிச்சம் ரெண்டு பேருக்காக குழுவைக் கலைக்காம இன்னும் நாலு மாசம் எல்லாரும் உக்காந்தோம், ரெண்டு பேரும் அடுத்த தடவை தேறிட்டாங்க. பாஸ் பண்ணின உடனே சம்பளம் ஏறிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, எனக்கு ஏறலை.

ஏறினது வேற வழியில, அது மென்ட்டர் அக்கா புண்ணியத்துல. அவங்க இருபது வருஷத்துக்கு மேல எக்ஸிக்யூட்டிவ் அசிஸ்டெண்டா இருக்கறவங்க. முதல் சந்திப்புலயே "போன வருஷம் என்னென்ன செஞ்சீங்க"ன்னு கேட்டாங்க, எனக்கு சொல்லத் தெரியலை, நிறைய வேலை பார்த்தேன் அக்கான்னு மட்டும்தான் வந்துச்சு. நம்ம வேலை அப்படி, ஒழுங்கா நடந்தா யாருக்கும் கண்ணுல படாது, அதனால நமக்கே மறந்துடுது. அன்னையில இருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சாயங்காலம் கிளம்பறதுக்கு முன்னாடி மூணு வரி எழுதச் சொன்னாங்க, முடிஞ்ச வரைக்கும் எண்ணிக்கையோட. எத்தனை பேருக்கு பயணம் ஏற்பாடு பண்ணினேன், எந்த வெண்டர்கிட்ட பேசி எவ்வளவு குறைச்சேன், புதுசா வந்தவங்க எத்தனை பேருக்கு சிஸ்டம் சொல்லிக்கொடுத்தேன், இப்படி. ஒரு வருஷம் கழிச்சு அது பதினஞ்சு பக்கம் வந்துச்சு.

அதோட சேர்த்து குளோபல் ஸ்கில்ஸ் மேட்ரிக்ஸ்னு ஒண்ணைக் காமிச்சாங்க. வேர்ல்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் அலையன்ஸ் 2021ல வெளியிட்டது, அட்மின் வேலையை அஞ்சு நிலையாப் பிரிச்சு ஒவ்வொரு நிலையிலயும் என்னென்ன வேலை, என்னென்ன திறமைன்னு போட்டிருக்கும். என் பதினஞ்சு பக்கத்தை அதுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். என்னோட டெசிக்னேஷன் கீழ இருந்து ரெண்டாவது நிலைக்குப் பொருந்துது, நான் செய்யற வேலை அதுக்கு மேல இருக்கு, வேலைக்கு எடுத்தப்ப கொடுத்த ஜாப் டிஸ்கிரிப்ஷன்ல கடைசி வரி "மற்ற பணிகள்"னு இருக்கே, என் நாள்ல பாதி அந்த ஒரே வரிக்குள்ள போயிட்டு இருந்துச்சு. அப்ரைசலுக்கு நான் அழாம, கோவப்படாம, ரெண்டு தாளை மட்டும் எடுத்துட்டுப் போனேன். முதல் தடவை பார்க்கலாம்னாங்க. ஆறு மாசம் கழிச்சு பதவிப் பேர் மாறுச்சு, சம்பளமும் மாறுச்சு. எப்படிப் பேசணும்னு மென்ட்டர் அக்கா என்னை வெச்சு நாலு தடவை ஒத்திகை பார்த்தாங்க, அவங்க ஹெச்ஆர் மாதிரி உக்காந்து கஷ்டமான கேள்வியா கேட்டாங்க. சங்கம் இல்லைன்னா அவங்களை நான் எங்க போய்ப் பார்த்திருப்பேன்.

மாசாந்திரக் கூட்டத்துல எனக்குப் பிடிச்சது கடைசியில வர்ற "ஆளுக்கொரு டிப்" பகுதி, பதினஞ்சு நிமிஷம்தான். பாஸோட மெயில் பாஸ்வேர்டை நான் வெச்சிருந்தேன், அவரே கொடுத்தது, அதுல ஒண்ணும் தப்பில்லைன்னு நினைச்சிட்டு இருந்தேன். ஒரு தம்பி எழுந்து அவுட்லுக்ல டெலிகேட் ஆக்சஸ் எப்படிக் கொடுக்கறதுன்னு காமிச்சான், பாஸ்வேர்டே வேணாம், அவர் சார்பா நாம அனுப்பினா அவர் சார்பா இன்னார் அனுப்பினதுன்னே காமிக்கும், நாளைக்கு ஏதாவது பிரச்சனை வந்தா யார் அனுப்பினதுன்னு தெளிவா இருக்கும், நமக்கும் பாதுகாப்பு. மறுநாளே மாத்திட்டேன். இன்னொரு கூட்டத்துல ஒரு அக்கா பெட் நெஸ்மித் கிரஹாம் கதையைச் சொன்னாங்க. டல்லஸ்ல ஒரு பேங்க்ல செக்ரட்டரியா இருந்தவங்க, எலக்ட்ரிக் டைப்ரைட்டர்ல தப்பா அடிச்சா அழிக்க முடியலைன்னு, ஓவியர்கள் தப்பை மேல பெயிண்ட் அடிச்சு மறைக்கறதைப் பார்த்துட்டு, வெள்ளை பெயிண்ட்டை சின்ன பாட்டில்ல ஊத்தி ஆபீசுக்குக் கொண்டுபோனாங்க. பக்கத்து மேசைக்காரங்க எனக்கும் ஒரு பாட்டில் கொடுன்னு கேக்க ஆரம்பிச்சு, 1956ல அதை விக்க ஆரம்பிச்சாங்க, அதுதான் லிக்விட் பேப்பர், 1979ல ஜில்லெட் கம்பெனி 47.5 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு. எனக்கு அந்தத் தொகையைவிட பக்கத்து மேசைக்காரங்க கேட்டாங்கங்கறதுதான் மனசுல நின்னுச்சு. பக்கத்து மேசையில நம்ம வேலை பார்க்கற இன்னொருத்தர் இருந்தா நம்ம கண்டுபிடிக்கற சின்ன விஷயம்கூட எங்கயாவது போய்ச் சேரும்.

அப்படி எங்களுக்குள்ளயே பிறந்த ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும். ஒரு மெம்பருக்கு திடீர்னு உடம்பு முடியாம போய் ஆஸ்பத்திரியில இருந்தாங்க, அவங்க ஆபீஸ்ல இருந்து படுக்கையில இருந்தவங்களுக்கே போன் மேல போன், அந்த ஃபைல் எங்க, இந்த வெண்டர் நம்பர் எங்கன்னு. அதைக் கேட்டு எல்லாருக்கும் மனசு கஷ்டமாயிடுச்சு. மூணு மாசத்துக்குள்ள ஒவ்வொருத்தரும் தன் வேலைக்கு ஒரு கையேடு எழுதணும்னு முடிவு பண்ணோம், தினமும் செய்யறது, மாசம் ஒருதடவை செய்யறது, வருஷம் ஒருதடவை வர்றது, எது எங்க இருக்கு, யாரைக் கூப்பிடணும். எழுதினதுல ரகசியம் எதுவும் இல்லாத ஒரு பகுதியை மட்டும் எடுத்து வேற ஆபீஸ்ல இருக்கற ஒரு மெம்பர்கிட்ட கொடுத்து, இதைப் படிச்சு உங்களால செய்ய முடியுமான்னு கேக்கணும். என்னுடையதைப் படிச்ச அண்ணன் பத்து இடத்துல கேள்விக்குறி போட்டுக் கொடுத்தார், "வழக்கம்போல அனுப்பவும்"னு எழுதியிருக்கீங்களே, வழக்கம் என்னன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேட்டார். அதுக்கப்புறம் நான் முதல் தடவையா ரெண்டு வாரம் லீவ் எடுத்தேன், ஆபீஸ்ல இருந்து ஒரே ஒரு போன்தான் வந்துச்சு.

ரகசியம்னு சொன்னதும் ஞாபகம் வருது. செக்ரட்டரிங்கற வார்த்தையே ரகசியம்ங்கற அர்த்தமுள்ள லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது, ரகசியத்தை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஆள்னு அர்த்தம். சங்கத்துல எழுதாத சட்டம் இல்ல இது, எழுதின சட்டம், சேரும்போதே கையெழுத்து போடணும், பாஸ் பேர், கம்பெனி பேர், எண்ணிக்கை எதுவும் வெளிய வரக்கூடாது. ஒருதடவை குரூப்ல ஒருத்தர் தன் பாஸோட குடும்பப் பிரச்சனையை எழுதிட்டாங்க, பேர் போடலை, ஆனா கண்டுபிடிக்கற மாதிரி இருந்துச்சு. பொறுப்புல இருந்தவங்க பத்து நிமிஷத்துல அதை எடுத்துட்டு, எல்லார் முன்னாடியும் எதுவும் சொல்லாம, அவங்களைத் தனியா கூப்பிட்டுப் பேசினாங்க. இந்த விஷயத்துல எங்க சங்கத்து மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி. சமீபத்துல ஏஐ வெச்சு மீட்டிங் நோட்ஸ் எடுக்கறதைப் பத்தி ஒரு வகுப்பு வெச்சப்பகூட முதல் அரை மணி நேரம் இதைத்தான் பேசினாங்க, கூட்டத்துல இருக்கற எல்லார்கிட்டயும் அனுமதி கேட்டீங்களா, அந்தப் பதிவு எங்க போய் சேமிக்கப்படுது, ஆபீஸ் ஒத்துக்கிட்ட கருவியான்னு. பேச்சை எல்லாம் அது எழுதிடும், எது முடிவுன்னு பார்த்து எடுக்கறது இன்னமும் நாமதான்.

குறைகள்ல பெரிசு எதுன்னா, பாஸ் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு பெரிய மெம்பர்ங்கற ஒரு மனப்பான்மை. எம்டிக்கு அசிஸ்டெண்டா இருக்கறவங்க முன் வரிசை, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணு பேச எழுந்தா சில பேர் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சுடுவாங்க. கோவமா வர்ற ஆளை வாசல்லயே எப்படி சமாதானப்படுத்தறதுன்னு அந்தப் பொண்ணு ஒருநாள் சொன்னது எனக்கு எந்த வகுப்புலயும் கிடைக்காத பாடம், பாதிப் பேர் கேக்கவே இல்ல. ஆபீஸ்ல நம்மளை யாராவது இப்படி நடத்தினா எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்சவங்களே இதைச் செய்யறதுதான் எனக்கு தாங்கலை. ரெண்டாவது, பொறுப்புகள் அதே நாலு பேர்கிட்டயே சுத்துது, தேர்தல்னு பேருக்கு நடக்கும். மூணாவது, கூட்டம் எப்பவும் வேலை நாள்ல சாயங்காலம், கைக்குழந்தை வெச்சிருக்கறவங்களும், கடைசி நிமிஷத்துல பாஸ் வேலை கொடுக்கறவங்களும் வரவே முடியறதில்ல, அவங்களுக்குத்தான் சங்கம் அதிகமா தேவை. அப்புறம் எல்லா அறிவிப்பும் "சகோதரிகளே"ன்னு ஆரம்பிக்கும், மெம்பர்ஸ்ல ஆண்களும் இருக்காங்க, ஒரு அண்ணன் எழுந்து பொறுமையா சொன்னதுக்கப்புறம் அது மாறிடுச்சு.

யார் சேரலாம்னு கேட்டா, ஆபீஸ்ல தனி ஆளா இந்த வேலையைப் பார்க்கறவங்க, வேலைக்கு வந்து அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்க, தேர்வு எழுதணும்னு நினைக்கறவங்க, இவங்க எல்லாம் தயங்காம சேருங்க. ஏற்கனவே பெரிய கம்பெனியில பத்துப் பதினஞ்சு அட்மின் ஒண்ணா இருக்கற டீம்ல இருந்தீங்கன்னா அவசரம் இல்ல, உங்களுக்கு அந்தப் பக்கத்து மேசை ஏற்கனவே இருக்கு. கூட்டத்துக்கு வந்து உக்காந்து எழுந்து போனா மட்டும் ஒண்ணும் கிடைக்காது, முதல் ஆறு மாசம் நான் அப்படித்தான் போனேன், அந்த ஆறு மாசத்துல எனக்குக் கிடைச்சது அந்தக் கடிகார விஷயம் ஒண்ணுதான். படிப்புக் குழுவோ வரவேற்புக் குழுவோ எதுலயாவது ஒரு வேலையை எடுத்துக்கிட்டதுக்கப்புறம்தான் ஆட்கள் நெருக்கமானாங்க, சேர்ந்து வேலை பார்த்தாதான் ஒருத்தர் என்னன்னு நமக்குத் தெரியுது.

பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒருதடவை விருந்தாளியா போய்ப் பாருங்க, பெரும்பாலான சங்கத்துல விடுவாங்க. ஆண்டு விழாவுக்குப் போகாதீங்க, சாதாரண மாசக் கூட்டத்துக்குப் போங்க. மென்ட்டர் ஏற்பாடு பேருக்கு இருக்கா நிஜமா நடக்குதான்னு கேளுங்க, போன வருஷம் வகுப்பு எடுத்தவங்கள்ல எத்தனை பேர் இந்த வேலையைப் பார்த்தவங்கன்னு கேளுங்க, ரகசியம் காக்கறதுக்கு விதி இருக்கான்னு கேளுங்க. உங்களைக் கவனிச்சு யாராவது வந்து பேசறாங்களான்னும் பாருங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலு, அந்த ஒரு மார்க்கைக் குறைச்சது முன் வரிசை, பின் வரிசை பார்க்கற அந்தப் பழக்கத்துக்காக.

அந்தத் தங்கச்சி வர்ற மாசக் கூட்டத்துக்கு விருந்தாளியா வர்றேன்னு சொல்லியிருக்கா. அன்னைக்கு வாசல்ல நிக்கற முறை என்னுடையது.